கடைவாயில் ஒரு துண்டு, மூக்கில் ஒரு சிட்டிகை

1958-ஆம் வருஷம் ஏப்ரல் 9, புதன்கிழமை. காலை ஐந்து மணிக்கு எழுந்தேன். தலையணைக்கு அடியிலிருந்து பொடி டப்பாவை எடுத்து இடது மூக்கில் ஒரு சிட்டிகை, வலது மூக்கில் ஒரு சிட்டிகை. பிறகு வழக்கமான தும்மல்கள். அந்தத் தும்மலில்தான் எங்கள் வீடு விழிக்கும். மனைவி எழுந்து அடுப்பைப் பற்றவைப்பாள். பிள்ளைகள் "அய்யா எந்திரிச்சாச்சு" என்று முனகிக்கொண்டு போர்வையை இன்னும் கொஞ்சம் மேலே இழுப்பார்கள். அலாரம் கடிகாரம் வாங்கும் அவசியம் எங்களுக்கு வந்ததே இல்லை. அதற்குப் பின் வேப்பங்குச்சி, கிணற்றடிக் குளியல், திருநீறு, பழைய சோறு, வெங்காயம். ஆறே முக்காலுக்கு ஸ்டேஷன்.

உச்சிப்புளி ஸ்டேஷனில் நான் சரக்குக் குமாஸ்தா. அங்கிருந்து போகும் சரக்கில் பெரும்பங்கு கருவாடு. ஓலைக் கூடைகளில் கட்டி மதுரைக்குப் போகும். நாள் முழுக்கக் கருவாட்டுக் கூடைகளுக்கு நடுவே உட்காருகிறவனுக்குப் பொடி ஒரு தற்காப்பு என்று நான் எல்லோரிடமும் சொல்லிவந்தேன். தற்காப்பு நன்றாகவே வேலை செய்தது. கருவாட்டு நாற்றம் போயிற்று. அதோடு மல்லிகைப்பூ வாசனையும் போயிற்று. அடுப்பில் பால் தீய்ந்துகொண்டிருக்க, பக்கத்திலேயே உட்கார்ந்து நான் டைரி எழுதிய நாளும் உண்டு. ஆனாலும் யாராவது கேட்டால், எனக்குக் கெட்ட பழக்கம் ஒன்றும் கிடையாது என்பேன். மனமறிந்து பொய் சொல்கிறவன் இல்லை நான். பொடியை நான் பழக்கத்தில் சேர்த்ததில்லை, அவ்வளவுதான்.

எங்கள் வீட்டில் பீடிக்கு இடமில்லை. என் மைத்துனன் பீடி குடிப்பவன். அவன் வந்தால் கொல்லைப்பக்கம், கோழிக்கூண்டுக்கு அந்தப்புறம் போய்த்தான் பற்றவைக்கவேண்டும். குடித்துவிட்டு வாய் கொப்பளித்து உள்ளே வருவான். வந்தவனை உட்காரவைத்து, "மனுஷன் செய்யிற காரியமா இது?" என்று என் அக்கா புத்தி சொல்லுவாள். சொல்லும்போது கடைவாயில் அடக்கியிருக்கும் புகையிலையை மறு கன்னத்துக்கு மாற்றிக்கொள்வாள். நான் ஆமாம் என்று தலையசைத்தபடி ஒரு சிட்டிகை எடுப்பேன். மைத்துனன் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்ப்பான். மரியாதை தெரிந்தவன், ஒன்றும் சொல்லமாட்டான்.

அக்காவை ஆர்.எஸ்.மங்கலத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். பெரிய கண்மாய்ப் பாசனம், நெல் விளையும் ஊர். அங்கே நடவுக்கு இறங்கும் பெண்களுக்கு முற்பகலில் வெற்றிலை, பாக்கு, ஒரு துண்டுப் புகையிலை கொடுப்பது வயல்காரர்களின் தாராள மனசு. சோறு கொடுத்தால் பெண்கள் கரையேறி, கை கழுவி, உட்கார்ந்து தின்னவேண்டும். வேலை கெடும். புகையிலை என்றால் குனிந்தபடியே அடக்கிக்கொள்ளலாம். பசி அடங்கிவிடும், நாற்றும் நகர்ந்துகொண்டே இருக்கும். இவ்வளவு சிக்கனமான அன்னதானத்தை எந்தத் தர்மவானும் கண்டுபிடித்திருக்க முடியாது. அக்கா வீட்டுக்குச் சொந்த நிலம்தான். ஆனால் சொந்த நிலத்தில் நடுகிறவளுக்கும் இடுப்பு வலிக்கும், பசிக்கும். அத்தான் காலமானபிறகு நிலம் கொழுந்தன்மாரிடம் போனது. ஒரு டிரங்குப் பெட்டியும் இடுப்பில் ஒரு சுருக்குப்பையுமாக அக்கா எங்களிடம் வந்தாள். டிரங்குப் பெட்டியை மாதக்கணக்கில் திறக்காமல் இருப்பாள். சுருக்குப்பை அப்படி இல்லை.

அன்று மத்தியானம் சாப்பிட வீட்டுக்கு வந்தேன். நகரை மீன் குழம்பு. அந்தக் குழம்பு கொதித்தால் அக்கா கூப்பிடாமலே மணையைப் போட்டு உட்காருகிறவள். அன்றோ சுவரோரம் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தாள். குடித்துக்கொண்டிருந்தாள் என்பதுகூடச் சரியில்லை. உதட்டோரமாகக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே விட்டுக்கொண்டிருந்தாள்.

மனைவி எனக்குச் சோறு வைக்கும் சாக்கில் குனிந்து, "மதினிக்கு வாய் திறக்கமாட்டேங்குது. ஒரு வாரமாக் கஞ்சிதான். கேட்டா பல்லு வலிங்கிறாக" என்றாள்.

"என்னக்கா, நகரையைக் கண்டு மூஞ்சியத் திருப்பிக்கிற?" என்றேன்.

"காரம் சேரல."

"எப்ப இருந்து?"

"நீ கேக்க ஆரம்பிச்சதுல இருந்து."

"வாயைத் திற, பாப்போம்."

"ஏலே, கருவாட்டுக் கூடையை எடை போடுறவன் என் வாயை எடை போடப் போறியா? சோத்தைத் தின்னுட்டு வேலையைப் பாரு."

நான் சோற்றைத் தின்னாமல் உட்கார்ந்திருந்தேன். நான் அப்படி உட்கார்ந்தால் அக்காவுக்குப் பொறுக்காது. கடைசியில் திறந்தாள். இரண்டு விரல் நுழையும் அளவுக்குமேல் தாடை இறங்கவில்லை. வாசலுக்குக் கூட்டிவந்து வெளிச்சத்தில் பார்த்தேன். இடது கன்னத்தின் உட்புறம், எப்போதும் புகையிலை அடக்கும் இடம், காய்ந்த கஞ்சிப் பசை ஒட்டியதுபோல வெள்ளையாக இருந்தது. நடுவில் சிவப்பாக ஒரு வெடிப்பு. அந்த வெடிப்பின் மேல் புத்தம்புதிதாக ஒரு துண்டுப் புகையிலை.

"இதுக்கு மேலயுமா வைக்கிற?"

"அதுக்குத்தானே வைக்கிறேன்! புண்ணு மேல வச்சா மரத்துப்போயிரும், வலியே தெரியாது. எங்க ஊருல எல்லாரும் இப்படித்தான் வைப்பாக. மருந்துடா அது."

புண்ணை உண்டாக்கியது அந்த இலை. வலியை மறைத்துக் காப்பாற்றுவதும் அந்த இலை. நோயையும் மருந்தையும் ஒரே கடையில் வைத்து இவ்வளவு நேர்த்தியாகத் தொழில் நடத்தும் வைத்தியரை எங்கள் ஜில்லாவில் வேறெங்கும் நான் பார்த்ததில்லை.

எனக்கு வேறொன்றும் நினைவுக்கு வந்தது. அக்காவின் மாமியாருக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. வெள்ளை, பிறகு புண், பிறகு கன்னத்திலேயே ஓட்டை. அந்த அம்மாள் போய்ச் சேர்ந்தபோது, பங்காளிகள் யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று ஊர் முடிவு செய்தது. செய்வினை வைத்தது யார் என்று கண்டுபிடிக்க ஒரு பூசாரியைக்கூட அழைத்துவந்தார்கள். அவர் கண்டுபிடிக்கும்வரை வெற்றிலை பாக்கு புகையிலைத் தட்டு அவர் முன்னாலேயே இருந்தது. அந்த மாமியாரைக் கடைசிவரை பார்த்துக்கொண்டவள் அக்காதான். புண்ணின் நாற்றம் தாங்காமல் அப்போதுதான் புகையிலையைக் கொஞ்சம் கூட்டினாளாம். இதை அவளே ஒருமுறை மனைவியிடம் சொல்லியிருக்கிறாள்.

ஸ்டேஷன் மாஸ்டரிடம் அரைநாள் லீவு சொல்லிவிட்டு, மூன்று மணி பஸ்ஸில் அக்காவை ராமநாதபுரத்துக்குக் கூட்டிப்போனேன். வர மறுத்தாள். "கொழுந்தன்மாரே தேவல, தம்பி அவங்களுக்கு மேல இருக்கான்" என்றாள். ஆனாலும் புதுச்சேலை கட்டிக்கொண்டாள்.

டாக்டர் சின்ன வயசுக்காரர். சட்டைப்பையில் சிகரெட் பெட்டி துருத்திக்கொண்டிருந்தது. அக்காவை நாற்காலியில் உட்காரவைத்து, வாயில் டார்ச் அடித்தார்.

"அம்மா, முதல்ல உள்ள இருக்கறதைத் துப்பிட்டு வாங்க."

பஸ் குலுக்கலில் வலிக்கும் என்று புறப்படும்போது ஒரு துண்டு மருந்து வைத்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

துப்பிவிட்டு வந்ததும் டாக்டர் விரல் விட்டுத் தடவிப் பார்த்தார். கழுத்திலும் தாடைக்குக் கீழும் அமுக்கிப் பார்த்தார். பிறகு கை கழுவிக்கொண்டே சொன்னார்: "கட்டி ஒண்ணும் கையில தட்டுப்படல. அதுவரைக்கும் நல்லது. ஆனா இந்த வெள்ளை நல்ல வெள்ளை இல்லை. போயிலையை இன்னிக்கே நிறுத்தணும். குறைக்கறது, சின்னதா நறுக்கறது, அதெல்லாம் கூடாது. ஒரு மாசம் கழிச்சு வாங்க. ஆறியிருந்தா சந்தோஷம். ஆறாம, தடிச்சுப்போயிருந்தா மதுரைக்கு அனுப்புவேன். கொஞ்சம் வெட்டி எடுத்துப் பார்ப்பாங்க."

"என்னத்தப் பாப்பாக?" என்றாள் அக்கா.

"புத்துநோயா இல்லையான்னு."

அக்கா சேலைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள். நான் தம்பி என்ற முறையில், "நான் எத்தனையோ தடவை சொல்லிட்டேன் டாக்டர், கேக்கறதே இல்லை" என்றேன். சொல்லிவிட்டுக் கைக்குட்டையை எடுத்து மூக்கைத் துடைத்தேன். டாக்டர் அந்தக் கைக்குட்டையைப் பார்த்தார். என் கைக்குட்டைகள் எல்லாம் காவி கட்டிய சாமியார்கள் மாதிரி ஒரே நிறத்தில் இருக்கும். மனைவி அவற்றை மற்றத் துணிகளோடு சேர்க்காமல் தனியாகத் துவைப்பாள்.

"உங்களுக்கு எவ்வளவு காலமா?" என்றார்.

"இது பொடிதான் டாக்டர்."

"அதே இலைதான் சார். அவங்க மெல்றாங்க, நீங்க இடிச்சுப் போடறீங்க. ஒரு நாள் போடாம இருந்து பாருங்க, யாருக்கு யாரு எஜமான்னு தெரியும்." இதைச் சொன்னவரின் கை, சிகரெட் பெட்டியைத் தொட்டுவிட்டு, எங்களைப் பார்த்து, மெதுவாகக் கீழே இறங்கியது.

அக்காவின் முகத்தில் அன்று முதன்முறையாக ஒரு வெளிச்சம் வந்தது. டாக்டர் நல்ல டாக்டர் என்று வாசல்படி இறங்கும்போதே சொல்லிவிட்டாள்.

திரும்பும் பஸ்ஸில் கூட்டமில்லை. ஜன்னலோரம் உட்கார்ந்தாள். பிறகு, வேறு யாரோ ஒருத்தியைப் பற்றிச் சொல்வதுபோல, "கன்னத்துல ஓட்டை விழுந்துட்டா கஞ்சி நிக்காது தம்பி. ஊத்த ஊத்த வெளியே வந்துரும். எங்க அத்தைக்கு நான் ஓட்டையை விரலால பொத்திக்கிட்டுத்தான் ஊத்துவேன். எனக்கு யாரு பொத்துவா?" என்றாள்.

என் கை, என்னைக் கேட்காமலே சட்டைப்பைக்குப் போய், டப்பாவைத் திறந்து, ஒரு சிட்டிகை எடுத்து மூக்குக்குக் கொண்டுவந்துவிட்டது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போடு, போடு. யோசிக்கிறவன் போடுற சாமானாச்சே" என்றாள்.

போட்டேன். தும்மினேன். முன் சீட்டிலிருந்தவர் எழுந்து வேறிடம் போனார்.

உச்சிப்புளியில் இறங்கியபோது சூரியன் மறைந்து கொஞ்ச நேரமாகியிருந்தது. நோன்பு மாசம், பாதிக்கு மேல் கடந்திருந்தது. பஸ் நிற்கும் இடத்துக்கு எதிரில் திருப்பாலைக்குடிக்காரர் ஒருவரின் கடை. நாங்கள் பாய் என்போம். யாழ்ப்பாணப் புகையிலை அவர் கடையில்தான் அசல் என்று சுற்றுவட்டாரமே வரும். என் பொடியும் அங்கேதான், அக்காவின் துண்டும் அங்கேதான். நோன்பு மாசத்தில் பிற்பகல் மூன்று மணிக்குமேல் அவரிடம் போய் விலை கேட்கக்கூடாது என்பது பஜாருக்கே தெரியும். மற்ற மாசங்களில் அவர் போல ஒரு சாந்த சொரூபியைப் பார்க்க முடியாது.

நாங்கள் போனபோது பேரீச்சம்பழம் தின்று தண்ணீர் குடித்து, தொழுதுவிட்டு வந்து, பள்ளிவாசலிலிருந்து வந்த நோன்புக் கஞ்சியோடு உட்கார்ந்திருந்தார். "வாங்க கிளார்க்கையா, வாங்கக்கா, கஞ்சி குடிங்க" என்று இரண்டு கிண்ணத்தில் ஊற்றித் தந்தார். குழைய வெந்த கஞ்சி. அக்கா முழுக்கிண்ணத்தையும் குடித்துவிட்டாள். ஒரு வாரத்தில் அவள் வயிறாரச் சாப்பிட்டது அதுதான் என்று நினைக்கிறேன்.

குடித்து முடித்துக் கிண்ணத்தைக் கழுவிவைத்தவள், "பாய், ஒரு துண்டு குடுங்க. கடைசித் துண்டு. டாக்டரு விடச் சொல்லிட்டாரு" என்றாள்.

பாய் தன் தகர டப்பாவைத் திறந்து, அன்றைய முதல் துண்டைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டிருந்தார். கண்ணை மூடி, பெருமூச்சு விட்டு, மறுபடி மனுஷராகித் திரும்பிவந்தார். "என்னக்கா சொன்னாரு டாக்டரு?"

அக்கா சொன்னாள். வாயையும் திறந்து காட்டினாள். பாய் தன் கன்னத்தை ஒருமுறை தடவிப் பார்த்துக்கொண்டார்.

"குடுக்கமாட்டேன்க்கா."

"ஏன், நான் என்ன கடனாக் கேக்கறேன்?"

"கடன்னா குடுத்துருவேன். இது அப்பிடி இல்ல. நான் சொல்றதைக் கேளுங்க. பசி மூணாம் நோன்போட அடங்கிரும். தாகமும் பழகிப்போகும். இந்தச் சனியன் மட்டும் கடைசி நோன்பு வரைக்கும் பழகாது. சாயங்காலம் அசர் தொழுகைக்கு நிக்கிறப்ப மண்டை இடிக்கும், கை நடுங்கும், பெத்த புள்ளையப் பாத்தாக்கூட அடிக்கத் தோணும். சோறு தண்ணியை விட்டவனால இதை விட முடியல பாத்தீகளா?"

"நீங்க பகல் பூரா விடுறீகளே."

"அல்லாவுக்குப் பயந்து பகல்ல விடுறேன். ராத்திரிக்கு யாருக்குப் பயப்படுறதுன்னுதான் தெரியல."

"நீங்க அல்லாவுக்குப் பயப்படுறீக. நான் யாருக்குப் பயப்பட? இந்தா நிக்கிறானே, இவனுக்கா?" என்று அக்கா என்னைக் காட்டினாள். "இவன் எனக்குப் புத்தி சொல்றான் பாய். பஸ்ஸுல வரும்போது, நான் செத்துப்போறதைப் பத்திப் பேசுறேன், இவன் பொடி போடுறான்."

பாய் சிரிக்காமல் என்னைப் பார்த்தார். அந்த முகத்துக்குச் சிரித்திருந்தாலே தேவலை.

"ஏலே தம்பி, ஒரே பேச்சு. நீ மூக்கை நிப்பாட்டு, நான் வாயை நிப்பாட்டுறேன். ஒரு மாசம். பாய் சாட்சி."

நான் அப்போது எடுத்துவைத்த வாதங்கள் எல்லாம் சிறப்பானவை. எனக்குப் புண் இல்லை, அவளுக்குத்தான் இருக்கிறது. பொடி போடாவிட்டால் என்னால் கணக்குப் பார்க்க முடியாது, சரக்கு தப்பான ஊருக்குப் போய்விடும். கருவாட்டு நாற்றத்துக்கு இது ஒன்றுதான் வழி. ஜலதோஷம் பிடிக்கும். கடைசியாக, பொடியை நான் நினைத்த மாத்திரத்தில் விட்டுவிடக்கூடியவன், ஆகவே விட்டுக்காட்ட வேண்டிய தேவையே இல்லை என்றும் சொன்னேன். இதைச் சொன்னபோது பாய் வாய்விட்டுச் சிரித்து, வாசலுக்குப் போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"கிளார்க்கையா, இதே பேச்சை நான் வருசா வருசம் பெருநாளைக்கு மறுநாள் பேசுவேன்" என்றார்.

அக்கா நாக்கால் அந்த வெடிப்பைத் தடவிக்கொண்டிருந்தாள். கன்னம் உள்ளிருந்து அசைவது தெரிந்தது. எனக்கு விரலால் ஓட்டையைப் பொத்துவது ஞாபகம் வந்தது. டப்பாவை எடுத்து அவள் கையில் வைத்தேன். அவள் இடுப்பிலிருந்து சுருக்குப்பையை அவிழ்த்து என்னிடம் கொடுத்தாள். கொடுக்கும்போது ஒருமுறை இழுத்துக்கொண்டாள், பிறகு விட்டாள். சாட்சியாக இருந்த பாய், சாட்சி சொன்ன களைப்பு தீர இன்னொரு துண்டு எடுத்து அடக்கிக்கொண்டார்.

வீட்டில் விஷயத்தைச் சொன்னதும் மனைவி, "சரி" என்று மட்டும் சொன்னாள். நம்புகிறவர்கள் அப்படிச் சொல்வதில்லை. சுருக்குப்பையை என் தகரப்பெட்டியில் வைத்துப் பூட்டினேன். அக்கா என் டப்பாவை முந்தானையில் முடிந்துகொண்டாள். ராத்திரிச் சாப்பாட்டுக்குள் எனக்கு மண்டை கனத்துவிட்டது. லாந்தர் கண்ணாடி துடைக்கவில்லை என்று சத்தம் போட்டேன். அது துடைத்துத்தான் இருந்தது. பேனா எழுதவில்லை என்று உதறினேன், சுவரெல்லாம் மை. அக்கா கொல்லையில் கட்டியிருந்த ஆட்டைத் திட்டிக்கொண்டிருந்தாள். ஆடு என்ன செய்தது என்பது கடைசிவரை தெளிவாகவில்லை. உப்புத் தண்ணீரில் வாய் கொப்பளிக்கும்போது அலறினாள். மரத்துப்போகாத புண் எப்படி வலிக்கும் என்று அவளுக்கு அன்றுதான் தெரிந்தது.

"ஏலே, ஒரே ஒரு காம்பு, மோந்து பாக்க மட்டும்" என்று ஒருமுறை கேட்டாள்.

"டப்பாவைக் குடு, தாரேன்" என்றேன்.

கொஞ்ச நேரம் இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டிருந்தோம். இரண்டு பேரில் யார் முந்தானைக்கோ சாவிக்கோ கை நீட்டியிருந்தாலும் மற்றவர் சந்தோஷமாகச் சம்மதித்திருப்பார். நல்லவேளை, இருவருமே மற்றவர்தான் முதலில் தோற்கவேண்டும் என்று நினைத்தோம். எங்கள் குடும்பத்தின் வீம்பு ஒரு நல்ல காரியத்துக்குப் பயன்பட்டது எனக்குத் தெரிந்து அந்த ஒரு தடவைதான். அன்றைய டைரியில் வெயில் கடுமை, காற்று இல்லை, அரைநாள் லீவு என்று எழுதி, "பொடி நிறுத்தம்" என்று சேர்த்தேன். எழுதியதும் கை பழக்கத்தில் சட்டைப்பைக்குப் போய்த் திரும்பியது.

மறுநாள் வியாழக்கிழமை காலை விழித்ததும் கை தலையணைக்கு அடியில் போயிற்று. வெறும் கோரைப்பாயைத்தான் பிராண்டியது. தும்மல் இல்லாததால் வீட்டில் ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மனைவி அயர்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். வேப்பங்குச்சி ஒடிப்பதற்கு முன், முகம் கழுவுவதற்கு முன், முதல் வேலையாக டார்ச்சை எடுத்துக்கொண்டு கிணற்றடிக்குப் போனேன். அக்கா எனக்கு முன்பே எழுந்து துணி துவைக்கும் கல்லில் உட்கார்ந்திருந்தாள். கண் சிவந்திருந்தது, தூங்கியவள் மாதிரி தெரியவில்லை.

"திற" என்றேன்.

திறந்தாள். இரண்டு விரல் இடைவெளி. விளக்கடித்துப் பார்த்தேன். வெள்ளை அப்படியே இருந்தது. வெடிப்பும் இருந்தது. மேலே இலை இல்லை.

அவள் எழுந்து என் மோவாயைப் பிடித்து விடிகிற பக்கமாகத் திருப்பி, கண்ணை இடுக்கி, ஒரு மூக்கைப் பார்த்தாள், பிறகு மற்றதை.

"ம். போயி உம் பொண்டாட்டியை எழுப்பு, விடிஞ்சிருச்சு" என்றாள்.